சிதம்பரம் பேருந்தில் நீங்கள் வாங்கிய பை

அக்கா,

இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகப் பெஞ்சில் ஒரு அம்மா நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை என் மேசை வரைக்கும் வந்தது. எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். தலைவலியும் தைலமுமாக நீங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு அது. போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்து நீங்கள் போய்விட்டதை உங்கள் மகள்தான் போனில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

சிதம்பரத்தில் விடியற்காலை சைக்கிளில் வேலைக்குப் போன உங்கள் கணவர்மேல், பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரவல் பைக்கைக் கொண்டுவந்து மோதினான்; அவர் பிழைக்கவில்லை. வழக்கு கடலூரில், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வந்தது. நான் அங்கே ஒருங்கிணைப்பாளர். யார் எப்போது வர வேண்டும் என்று சொல்வதும், இரண்டு தரப்பும் எதிரெதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

சாட்சி சொல்ல வந்த முதல் நாளே என்னிடம் சண்டை போட்டீர்கள்.

“அவன் மூஞ்சிய மட்டும் மூடி வெக்கிறீங்க. செத்தவரு போட்டோ பேப்பர்ல வந்துச்சே, அத யாரு மூடனது?”

“சட்டம் அப்படிக்கா.”

“சட்டத்த யாரும்மா கேட்டா? ஒன்னத்தான் கேக்கறேன்.”

வீட்டுக்குப் போயும் அது என்னை விடவில்லை.

அடுத்த விசாரணையில் அவனைக் காலையிலேயே முடித்து அனுப்பிவிட்டுத்தான் உங்களை உள்ளே அழைத்தேன். நீங்கள் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியே பார்த்தால், அவனும் அவன் அம்மாவும் இன்னும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். சிதம்பரம் பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். பின்னாலேயே நீங்களும் ஏறினீர்கள். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்து நானும் தொற்றிக்கொண்டேன்.

ஒரே கூட்டம். உங்களுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பஸ் குலுங்கியதில் அவன் நகர்ந்து நகர்ந்து உங்கள் சீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றான். விபத்தன்று ஆஸ்பத்திரியில் பார்த்த முகம், உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தான்; இன்னொரு கையில் இருந்த பை, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் இடித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உங்களிடம் வர என்னால் முடியவில்லை. கத்துவீர்களா, அடிப்பீர்களா என்று அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் கையை நீட்டினீர்கள்.

“பையக் குடு.”

அவன் கொடுக்கவில்லை. நீங்களே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். சிதம்பரம் வரைக்கும் அவன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தான். நிறுத்தம் வந்ததும் பையை அவன் கையில் திணித்து, “எறங்குடா, வழில நிக்காத” என்றீர்கள்.

கீழே இறங்கியதும் நான் உங்கள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டீர்கள்.

“மன்னிச்சிட்டேன்னு எதுலயாவது எழுதிடாத. பை இடிச்சிச்சி, வாங்கனேன். அவ்ளோதான்.”

எழுதவில்லை அக்கா. பிறகு, அவன் அரசு மருத்துவமனையில் சேவை செய்ய வேண்டும் என்று உத்தரவானது. போனில் சொன்னேன். “எனக்கு ஆறலம்மா. அதயும் உங்க ஐயாகிட்ட சொல்லு” என்றீர்கள். குழுமத்தின் நீதிபதி ஐயாவிடம் அப்படியே போய்ச் சொன்னேன். பையன் சேவையை முடித்துவிட்டான். இப்போது பண்ருட்டியில் ஒரு பட்டறையில் வேலை. நீங்கள் இல்லை என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டுமா, கூடாதா? போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

விசாரணை நாட்களில் இப்போதும் இரண்டு தரப்பையும் வேறு வேறு நேரத்துக்குத்தான் வரச் சொல்கிறேன். ஆனால் கடைசி ஆள் கிளம்பியதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் போய்விடுகிறேன். அது என் வேலையில்லை. அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. பஸ் கிளம்புகிற வரைக்கும் நிற்கிறேன்.