கோவிந்தன் மாமாவின் வில்லை

என் அன்பு நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆம்பூரில் நம் கரிக்காரத் தெரு நலம். நிலக்கரிச் சுரங்கம் மூடியதும் ஆந்திராவிலிருந்து உங்களோடு திரும்பிய பிள்ளைகள் எல்லாம் இப்போது ஷூ கம்பெனியில்.

சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வரலாற்றுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள். வீட்டுக்கு ஒன்று இலவசம். உங்கள் குழியில் ஓர் உயிர்கூடப் போனதில்லையாம். ஆதாரம், வில்லைப் பலகை.

இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துப்போக வேண்டும். ஏறியதும் பலகையில் மாட்ட வேண்டும். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே. நல்ல ஏற்பாடு. வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, முதலில் ஏறுகிறவரிடம் தோழனின் வில்லையையும் கொடுத்தனுப்பும் உங்கள் வழக்கத்தைத்தான் அது எதிர்பார்க்கவில்லை.

அன்று உன் கூட்டாளி கோவிந்தன் மாமா, தன் வில்லையை உன்னிடம் கொடுத்துவிட்டு, மறந்துவைத்த டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே திரும்பினார். நீ மேலே வந்து இரண்டு வில்லைகளையும் மாட்டினாய். உள்ளே கூரை இடிந்தது. மேஸ்திரி பலகையைப் பார்த்தார், எல்லோரும் வெளியே. தோண்டவில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய்.

"வேலை போய்டும்னு பயந்துட்டேன்டா" என்று ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னாய். வேலை போகவில்லை. வாழ்த்துகள். இடிபாட்டுக்குள் அவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருப்பார், நைனா?

அவர் எவளோடோ ஓடிவிட்டதாகத் தெரு முடிவு செய்தது. அத்தைக்குத் தீபாவளிதோறும் நீ புடவை எடுத்துக் கொடுத்தாய். தங்கமான மனுஷன் என்றார்கள். மறுத்துப் பேச உனக்குக் கூச்சம். ஒரு வருஷம் நானும் வாய் திறக்கவில்லை. உன் பிள்ளைதானே.

புத்தகம் வந்த பிறகு முடியவில்லை. அவர் மகள் செல்வி அக்காவிடம் கொண்டுபோனேன்.

"ஓடிப்போன ஆளு பேரு இதுல எதுக்குடா இருக்கப்போவுது?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா புத்தகத்தை மூடினாள். பிறகு, "டிபன் பாக்ஸுக்கா?" என்றாள். "புதுசுடா அது. அம்மா ஆசையா வாங்கிக் குடுத்துது."

கதவுவரை வந்தவள் சொன்னாள்: "சாவுற வரைக்கும் அம்மா அவரத் திட்டினே இருந்துச்சு. உங்க நைனா கேட்டுனுதானே இருந்தாரு?"



சுரங்கக் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். செத்தவர் பெயரும், வில்லையை மாட்டியவர் பெயரும் அதில் இருக்கின்றன. மாமாவின் படங்களை அத்தை என்றைக்கோ அடுப்பில் போட்டுவிட்டார். மிச்சம், நீங்கள் இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் நம் வீட்டுப் படம் ஒன்றுதான். நாளைக் காலை அதைச் செல்வி அக்கா வீட்டில் மாட்டுகிறேன். இனி நீ அங்கேதான். அக்கா பேசுவாள், கேட்டுக்கொண்டிரு.

உன் மகன்,
பிரபு