உங்கப்பா காமிக்ஸ் கடைக்குச் சொன்ன பொய்

அன்புள்ள கண்ணு,

என் வலது முழங்காலையும் உங்கப்பாவின் பிடிவாதத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஊரார் பல்லுக்கெல்லாம் அச்செடுத்துப் பல்செட் செய்து கொடுக்கிறவள் உன் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டினாயா என்று முதலில் எழுது. போனிலேயே கேட்டிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் எதிர் நாற்காலியில் உங்கப்பா உட்கார்ந்திருக்கிறார். உன் பேச்சு என்று தெரிந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார், நீ என்ன சொல்கிறாய் என்று தெரிய வேண்டுமென்றால் குறைக்கிறார், நடுவில் அந்த ரிமோட்தான் தேய்கிறது. அதனால் இதை நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி வெளியே போயிருக்கிறார். காலையிலிருந்து ஒரே ஒரு பெரியவர் வந்து இருக்கிற ஃப்ரேமையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, என் பழைய கண்ணாடியே எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். விஷயம் நீயும் அவரும் பேசாமல் இருப்பது பற்றித்தான். பயப்படாதே, நான் சமாதானம் பேச வரவில்லை, அந்த உத்தியோகத்தை நான் ராஜினாமா செய்து ரொம்ப நாளாகிறது. உங்கப்பா ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டார், அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்திலிருந்துதான் தெரியும். நான் நடுவில் தட்டோடு நின்றவள், அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அவர் ரிட்டயர் ஆன வாரம் நீ லீவில் வந்து தொடுதிரை டேப் ஒன்று வாங்கிக் கொடுத்தாய், அது நிறைய காமிக்ஸ். மனுஷர் எடை அளவு இன்ஸ்பெக்டராகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசைப் பார்த்தே காலத்தைக் கழித்தவர், இனியாவது உட்கார்ந்து படம் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு எங்கே தட்டணும் என்றுகூடக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை புத்தகத்துக்கும் பில் எங்கே என்றார். நீ சிரித்துக்கொண்டே, பில்லெல்லாம் கிடையாதுப்பா, நெட்ல சும்மா கிடைக்குது, எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க என்றாய். எல்லாரும் இப்படித்தான் என்பது அவர் சர்வீஸில் பிடிபட்ட ஒவ்வொரு கடைக்காரரும் ஒப்பித்த வசனம். அதைக் கேட்டதும் அவருக்கு ரிட்டயர் ஆனதே மறந்துபோய்விட்டது. வரைஞ்சவன் வயித்துல அடிச்சுக் கொண்டுவந்த திருட்டுச் சரக்கு என்றார். வேலை முடிஞ்சுபோச்சுப்பா, என் தராசைச் சோதிக்காதீங்க என்றாய். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. திருட்டுச் சரக்குக்கும் அதைக் கொண்டுவர்றவங்களுக்கும் இந்த வீட்ல இடமில்லை என்று சொல்லிவிட்டார். நீ லீவு முடிவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அவர் சொன்னது தப்பு, அன்றைக்கே அவரிடம் சொன்னேன். நீ செய்ததும் சரியில்லைதான், ஆனால் அதையும் நான் சொன்னால் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் எனக்குத்தான், அதனால் விட்டுவிடுகிறேன்.

நீ போன பிறகு டேப்பை உனக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக அழித்தார். மொத்தமாக அழிக்க வழி இருக்கிறது என்று மாடி வீட்டு வங்கிக்காரர் காட்டினார், வேண்டாம் என்றுவிட்டார், கள்ள எடைக்கல்லைப் பிடித்தால்கூட ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உடைப்பார்களாம். பார்த்ததில்தான் வந்தது வினை. மூழ்கிப்போன கப்பல்களுக்குள் இறங்கித் துப்புத் துலக்குகிற அந்தப் பெண்ணின் கதை, நீ உயிரை விடுவாயே, அதில் போய் மாட்டிக்கொண்டார். முதல் பாகத்தைச் சட்டென்று அழித்தார், இரண்டாம் பாகத்தை அழிக்கக் கொஞ்சம் நேரமானது, மூன்றாம் பாகத்தில் சாப்பாடு ஆறிப்போனது. அந்த வாரமே முறையான ஆன்லைன் கடையில் கணக்குத் தொடங்கி, அழித்ததையெல்லாம் அதே வரிசையில் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார். கேட்டால் உனக்குப் புத்தி வரவேண்டுமாம். உனக்குப் புத்தி வர அவர் எதற்குப் புதுப் பாகத்தை முன்பதிவு செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவர் பெரிய சேகரிப்பாளர். பாதி விலை என்று திரையில் ஒரு சிவப்புப் பட்டை ஓடினால் போதும், மனுஷருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. படிக்காத புத்தகம் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. காகிதமாகக் குவிந்தாலாவது தூசி தட்டுகிற சாக்கில் நான் திட்டலாம், இது கண்ணுக்கே தெரியாமல் குவிகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் லைப்ரரியைப் பார்க்கிறீங்களா என்பார், வந்தவர் எந்த அறைக்குப் போவது என்று எழுந்து நிற்பார், இவர் மடியிலிருந்து டேப்பை எடுத்து நீட்டுவார். இன்னொரு கூத்து கேள். ரொம்ப நாளாக அவர் ஒரு பக்கத்துக்கு ஒரு படம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக வருமே, அந்த முறையில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் திரையில் இரண்டு தட்டுத் தட்டினார், முழுப் பக்கமும் வந்து நின்றது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முழுச் சரக்கைக் காட்டாம இத்தனை நாளா சில்லறையா வித்திருக்கான் என்று கோபம். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து முழுப் பக்கமாக மறுபடி படித்தார். ஐந்தாம் பாகத்தில் கடத்தல்காரன் தங்கம் நிறுக்கிற படத்தில் தராசின் ஒரு கை நீளமாக இருக்கிறதாம், இந்தத் தராசுக்கு எந்த அதிகாரி முத்திரை போட்டார் என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது என்று அடுத்த நொடியே பதில் வந்தது. எவ்வளவு சுறுசுறுப்பான ஆபீஸ் என்று பாராட்டினார். அதை மெஷின் அனுப்பியது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடையின் நிபந்தனைகள் என்று ஒன்று வருமே, ஊரே கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் என்று அமுக்குமே, அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தவர் உங்கப்பா ஒருவராகத்தான் இருப்பார், எழுதினவரே படித்திருக்க மாட்டார். அதன்படி பார்த்தால் நாம் வாங்கியது வாங்கியதே இல்லையாம். படித்துக்கொள்ள அனுமதி மட்டும்தானாம், அவர்கள் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். பட்டனில் வாங்கு என்று போட்டுவிட்டு உள்ளே இரவல் என்று எழுதுவது எடைக்குறைவு இல்லாமல் வேறென்ன, சர்வீஸில் இருந்திருந்தால் கடைக்கு சீல் வைத்திருப்பேன் என்று குதித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அப்ப பில் வச்சிருக்கிற நீங்களும் பில் இல்லாத அவளும் ஒண்ணுதானே, ரெண்டு பேருக்குமே புத்தகம் சொந்தமில்லையே என்றேன். அன்று சாயங்காலம் அவரே தேநீர் போட்டுக் குடித்தார், எனக்குப் போடவில்லை. என்னையும் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. நானும் போனில் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போகிற ஒரு காதல் கதையில் விழுந்து கிடக்கிறேன். தினம் ஒரு அத்தியாயம் இலவசம், பொறுமை இல்லாதவர்கள் காசு கட்டி முன்னால் போகலாம். உங்கப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம். ஆனால் நேற்று கதாநாயகன் கதவில் கை வைத்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள், அதே ஞாபகத்தில் ஒரு அம்மாவுக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். உலகமே சாய்ந்து தெரியுதே என்று திரும்பி வந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் வாங்கினால் குடும்பமே படிக்கலாம் என்று கடையில் குடும்பக் கணக்கு ஒன்று வந்தபோது உன்னை அதில் சேர்த்தது அவரேதான். உங்கப்பா உங்களைத் தன் குடும்பத்தில் சேர அழைக்கிறார் என்று உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அவர் வாயில் வராதது மெஷின் வாயில் வந்துவிட்டது. என்னிடம், இனியாவது திருடாம படிக்கட்டும் என்றார். நீயும் ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்துகொண்டாய், இரண்டு பேரும் ஒரே அச்சு. அதில் யார் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள் என்று புத்தகத்தின் அடியில் சின்ன வட்டத்தில் முகம் தெரியும். நீ கவனித்தாயோ என்னவோ, அவர் உன்னைத் தாண்டிப் போவதே இல்லை. நீ நிற்கிற பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அடுத்து என்ன என்று மண்டை வெடித்தாலும் புரட்ட மாட்டார். உனக்குக் காய்ச்சல் வந்ததே, அப்போது உன் முகம் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டது. இவர் காலையில் எழுந்ததும் டேப்பைத் திறப்பார், மூடுவார், பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி திறப்பார். கடைசியில் என்னிடம் வந்து, சும்மாதான், அவளுக்கு ஒரு போன் போடேன், அங்க நெட் வேலை செய்யுதான்னு கேளு என்றார். நீ படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது அப்படித்தான். பெற்ற மனசுக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கு உன்னிடம் அளந்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. இனிமேல் ஒரே வீட்டில் வசிக்கிறவர்கள் மட்டும்தான் குடும்பக் கணக்கில் இருக்கலாமாம், மற்றவர்களை மாதக் கடைசியில் நீக்கிவிடுவார்களாம். இதில் உள்ள அனைவரும் என்னுடன் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள் என்று உறுதி கூறுகிறேன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போட வேண்டும், இல்லாவிட்டால் உன் முகத்தைத் தொட்டு நீக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, டிக் போடுங்க சார், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க என்றார். உங்கப்பா அவரை மேலும் கீழும் பார்த்த பார்வையில் அவர் பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டார். நீக்கிடுங்களேன், சம்பாதிக்கிற பொண்ணு, தனியா வாங்கிப் படிச்சுக்குவா என்றேன். நீக்கினா மறுபடி திருட ஆரம்பிச்சுடுவா என்றார். அப்ப டிக் போடுங்க என்றேன். என்னைப் பொய் சொல்லச் சொல்றியா என்று கேட்டார். பிறகு அடுப்படிக்குப் போய் உப்புப் பாக்கெட், சர்க்கரைப் பாக்கெட் எல்லாவற்றையும் தன் பழைய தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லை என்றால் அவர் எதையாவது எடை போடுவார் என்பது உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். விரலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டி டிக் போட்டுவிட்டார். சோதனைக்குப் போன கடையில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனுஷர் கண்ணு. டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இந்த வீட்டில் இடமில்லை என்று சொன்னவர், நீ இங்கேதான் இருக்கிறாய் என்று ஊர் பேர் தெரியாத ஒரு கடைக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வாயைத் திறந்தால் அழுகையும் வந்தது, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உன் அறையில் தடபுடல். அங்கே வைத்திருந்த இஸ்திரி மேசை, பழைய சூட்கேஸ், அவர் வாங்கி ஒரு நாள்கூட மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன, இப்போது நாங்கள் பக்கவாட்டில்தான் நடமாடுகிறோம். உன் கட்டிலுக்குப் புது விரிப்பு, புது பல்பு, குளியலறையில் உனக்கென்று ஒரு துண்டு, பல் துலக்க ஒரு பிரஷ். வாசலில் இருக்கிற தபால் பெட்டியில் எங்கள் இரண்டு பேர் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறார், இருக்கிறதிலேயே அதுதான் பெரிய எழுத்து. என்ன இதெல்லாம் என்று கேட்டேன். சோதனைக்கு ஆள் வந்தா என்ன காட்டுறது என்றார். காமிக்ஸ் கடையிலிருந்து யார் வந்து உங்க வீட்ல துண்டை எண்ணப்போறாங்க என்றேன். நான் போன கடையிலெல்லாம் நான் வருவேன்னு எவன் நினைச்சான் என்றார்.

முந்தாநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒருத்தர் ஒரு வீட்ல வசிக்கிறாங்கன்னு சொல்லணும்னா எத்தனை நாள் வந்து தங்கியிருக்கணும் என்று கேட்டார். எனக்கு என்ன சட்டமா தெரியும். ஒரு நாள் போதும் என்றேன். ஒரு நாள் போதுமா என்றார். தாராளமா போதும் என்றேன். அவர் உன் அறைக்குப் போய், காலையில் போட்ட தலையணை உறையை எடுத்துவிட்டு வேறு உறை போட்டார்.

அதனால் மாதக் கடைசிக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், நீ கேட்டால் அவரும் கேட்க வேண்டியிருக்கும், அது அவருக்கு வராது. பேசாமல் வந்து உன் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் உனக்காக ஒன்று சொல்லிவிட்டார், அதை நிஜமாக்கிக் கொடுப்பது உன் பொறுப்பு. நோய் நொடி அண்டாமல், செய்கிற வேலையில் நல்ல பேரோடு, மனசில் குறை இல்லாமல் நீ இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம். அந்த ஒன்பதாம் பாகத்தில் நீ ஒரே பக்கத்தில் நிற்கிறாயாம், அந்தப் பெண் கப்பலுக்குள் காற்று இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறாளாம், உன் பின்னால் அவரும் தவித்துக்கொண்டிருக்கிறார், முதலில் அதைப் புரட்டு. வந்து இறங்கினதும் பயணச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதே. கதவைத் திறந்ததும் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது, பழக்க தோஷத்தில் பில் எங்கே என்றுதான் கேட்பார். அதை எடுத்து அவர் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா