மூன்று மில்லிமீட்டர் இடைவெளி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீயும் மருமகளும் என் வாலுப் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ, ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப் போகிறேன், உடம்பு முடியாதவனைத் திட்டினால் எனக்குத்தான் பாவம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது. மருமகள் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பா அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் வழுக்கிக்கொண்டு திரிகிறார், இன்னொரு ஜோடி வேண்டவே வேண்டாம் என்று சொல்.

புதன்கிழமை மத்தியானம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். நான்கு தடவை திரும்ப அழைத்தாய், எடுக்கவில்லை, அம்மா அழுகிறாளா என்று அப்பாவிடம் கேட்டாயாம். அழவில்லை கண்ணா. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் உடைந்த என் ரிமோட் படகின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஏன் என்பதற்கு வருகிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

நீ லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்பினாய், அந்த ஞாயிறுதான் ஏரியில் பந்தயம். ரிமோட் படகு என்றால் பேத்தி குளியல் தொட்டியில் விடுவதுதான் உனக்கு ஞாபகம் வரும். என் படகின் மோட்டார் நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும், கண்ணால் துரத்துவதே பெரும்பாடு. இரண்டாவது சுற்றில் வேகத்தைக் கூட்டினேன், கிறீச்சென்று ஒரு சத்தம், மோட்டாரிலிருந்து புரொப்பல்லருக்கு ஓடும் கேபிள் அறுந்து, படகு போன வேகத்திலேயே சிமெண்ட் கரையில் மோதி மூக்கு உடைந்தது. யாருக்கும் அடி இல்லை, அது புண்ணியம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மாவுக்குக் கை நடுங்குது, கண்ணும் தெரியல, மாட்டும்போது எதையோ விட்டுட்டாங்க என்று ஆளுக்கொரு பேச்சு. எங்கள் படகுச் சங்கச் செயலாளர், அதுதான் அந்தப் பல் டாக்டர், என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வேகப் பிரிவு போதும் அக்கா, பாய்மரப் பிரிவுக்கு வந்துடுங்க, காத்து வாங்கின மாதிரியும் இருக்கும்" என்றார். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடி முடிவு செய்யுமாம். அதோடு விட்டாரா, "உங்க பையனும் போன் பண்ணி அதைத்தான் சொன்னார்" என்று ஒரு போடு போட்டார். எனக்குத் தெரியாமல் அவருக்கே போன் போட்டாயா நீ!

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், மூன்று நாள் நானும் அதை நம்பினேன். காலையில் டீ டம்ளரைத் தூக்கும்போது என் கை லேசாக ஆடத்தான் செய்கிறது. படகையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பேரிங் சோதிக்கும் மேஜையில் உட்கார்ந்தவள் நான். காதருகே வைத்து ஒரு சுற்று சுற்றினால் போதும், நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வத்தில் முதல் படகில் எங்கு பார்த்தாலும் பால் பேரிங்தான் போட்டேன், பின்னால் தண்ணீருக்குள் நிற்கிற தாங்கியில் போட்டது மூன்றே வாரத்தில் மண்ணும் துருவும் ஏறி இறுகிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும். பிறகுதான் புத்தி வந்து, மோட்டார் பக்கம் காய்ந்த இடத்துக்கு மட்டும் பால் பேரிங், தண்ணீருக்குள் குண்டு கிண்டு எதுவும் இல்லாத வெறும் வெண்கலக் குழல், அதாவது புஷ், என்று மாற்றினேன், அதற்குத் தண்ணீரே எண்ணெய். மோட்டாரின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற ஷாஃப்ட்டும் அப்படித்தான், நேர்க்கம்பி வளையாது, என் படகின் மோட்டார் நிற்கும் சாய்வுக்கு வளைந்து ஓடும் கேபிள்தான் சரி, அதுவும் சுற்றச் சுற்ற இறுகுகிற இடது முறுக்குக் கேபிள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பாரம் ஏறினால் கேபிள் முறுக்கேறிக் குட்டையாகும், புரொப்பல்லரை உள்ளே இழுக்கும். அதனால் படகு சும்மா இருக்கும்போது புரொப்பல்லருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் விட்டுத்தான் மாட்ட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் உரசி, சூடேறி, கேபிள் அறுந்துபோகும். தெரியாதவர் பார்த்தால் லூசாக விட்ட மாதிரிதான் இருக்கும். அளவு தப்பக்கூடாது என்று, மருமகள் இங்கே விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, கேபிளைக் கவ்விப் பிடிக்கிற மோட்டார் பக்கப் பிடியின் வாயில் கேபிள்மேல் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

இப்போது புதன்கிழமைக்கு வா. நீ என்ன சொன்னாய்? "நான் வந்தப்பவே பார்த்தேம்மா, பின்னாடி கேப் விட்டு லூசா மாட்டியிருந்தே, நான்தான் கேபிளை உள்ளே தள்ளி டைட் பண்ணி வச்சேன், அப்படியும் பிச்சுக்கிச்சு பாரு, இனிமே உன்னால முடியாதும்மா." நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் மகனே. போனை வைத்துவிட்டு மூடியைத் திறந்தால் சிவப்புக் கோட்டைக் காணோம். பிடியைத் தளர்த்தி கேபிளை இழுத்தேன், கோடு சரியாக மூன்று மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. பின்னால் புஷ்ஷின் முகம் கருகிக் கிடந்தது. நான் தனியாகச் சிரித்தேன், அப்பா பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு கமிட்டியில் ஏரிக்கரையிலேயே ஆறு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் எடுத்த எடுப்பில், "கையைக் கொஞ்சம் நீட்டிக் காட்டுங்க அக்கா" என்றார். கருகிய புஷ் என் பையில் இருந்தது. என் பையன் செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அது ஒரு காரணம். படகு என்னுடையது, தண்ணீரில் விடும் முன் கோட்டைப் பார்க்க வேண்டியவள் நான், பார்க்கவில்லை, அது இன்னொன்று. புஷ்ஷை மேஜைமேல் வைத்து, "இடைவெளியைப் பார்க்காம இறக்கினது என் தப்பு. கையை நீட்ட மாட்டேன். படகை இறக்கறேன், அதைப் பாருங்க" என்றேன். மூன்று நாளில் மூக்கை ஒட்டி, புதுக் கேபிளும் புஷ்ஷும் மாட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஆறு சுற்று, ஒரு சத்தம் இல்லை. வழக்கமாக அப்பா பயத்தில் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார், அன்றைக்குத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஸ்டாப்வாட்சை அமுக்கவே மறந்துவிட்டார். நல்லவேளை, பல் டாக்டர் தன் கடிகாரத்தில் பார்த்திருக்கிறார், அவருடைய படகைவிட இரண்டு வினாடி குறைவு. வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர் வாயை மூடிக்கொண்டார். நான் வேகப் பிரிவிலேயே இருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இடைவெளியைப் பார்த்ததும், அம்மாவுக்கு முடியவில்லை என்றுதானே உனக்குத் தோன்றியது? அம்மா தெரிந்துதான் விட்டிருப்பாள், ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவே இல்லையே, அதுதான் சுட்டது. நீ செய்ததை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. பல் டாக்டருக்கு நீயே போன் செய்து, நான் முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிடு, காரணம் சொல்ல வேண்டாம். அடுத்த முறை வந்தால் என் பின்னறைக்குத் தாராளமாக வா, கேட்டுவிட்டுத் தொடு.

வேளைக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு, வேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பேத்திக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். முழங்கால் தைலம் அனுப்ப வேண்டாம், அங்கே நல்ல கேபிள் கிடைக்குமாமே, இரண்டு அனுப்பு, இடது முறுக்கு, மறந்துவிடாதே. இத்தனை பக்கமும் என் கையால் எழுதியதுதான், எங்கேயாவது எழுத்து ஆடியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருக்கும், அது காலுறையோடு வழுக்கிய உன் அப்பா மேஜையில் மோதியது.

இப்படிக்கு,
கையை யாருக்கும் நீட்டிக் காட்டாத
உன் அம்மா