மஞ்சுளாவின் ஜெராக்ஸ்

செலியமேடு,
9.3.2025

அன்புள்ள மஞ்சு,

கடிதத்தைப் பார்த்ததும் ஊரில் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிடாதே. எல்லோரும் சௌக்கியம். என் போன்தான் இல்லை. அண்ணியிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். மே இருபதாம் தேதி கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அரியர். அது முடிந்தால்தான் போன். அதுவரை உன்னோடு பேசாமல் இருக்க முடியாதே, அதனால் தபால்காரருக்கு வேலை வைத்திருக்கிறேன்.

மூன்று தடவை விழுந்தாயிற்று. பழைய பாடத்திட்டத்தில் நம் பேட்சுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். மற்ற எல்லாம் பாஸ், இந்த ஒரு பேப்பரால் டிகிரி இல்லை. அப்பா தவளக்குப்பத்தில் தன் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு இன்ஜினியரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவரைப் பொய்யராக்க மாட்டேன்.

உன் நோட்ஸ் ஜெராக்ஸைத்தான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். இந்தத் தடவை மனப்பாடத்தோடு விடுவதாக இல்லை. எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியில் பாடத்தைச் செய்தே பார்க்கப் போகிறேன். தொட்டியில் மிதவை, அது சொல்லும் அளவைப் பார்த்து மோட்டார் தானாக ஓடவேண்டும், தானாக நிற்கவேண்டும். சிரிக்காதே.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பதில் போடு.

உன்
சகாயராணி

ஓசூர்,
19.3.2025

என் அருமை ராணிக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் வார்டன் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அறையில் ஒரே கேலி, யாரடி அந்த ஆள் என்று!

இங்கே வேலை பரவாயில்லை. நிற்க நேரமில்லை. ஊரில், சுத்துக்கேணியில், கரும்பு வெட்டு நடக்கிறது. அப்பா வாரம் தவறாமல் கல்யாணப் பேச்சை எடுக்கிறார், நான் வாரம் தவறாமல் ஷிப்ட் இருக்கிறது என்று போனை வைக்கிறேன்.

அந்தப் பழைய ஜெராக்ஸை அடுப்பில் போடுடி. புத்தகத்தைப் படி. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தோம் என்று இங்கிலீஷுக்கு எத்தனை நாள் பயப்படுவாய்? தொட்டி, மோட்டார் எல்லாம் எதற்கு? புத்தகம் போதும். சொன்னால் கேள்.

அன்புடன்
மஞ்சுளா

செலியமேடு,
2.4.2025

மஞ்சு,

உன் நோட்ஸில் இருந்தபடியே தொட்டியில் மிதவையை மாட்டினேன். தண்ணீர் நிரம்ப நிரம்ப மோட்டார் நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமாக ஓடியது. தொட்டி வழிந்து, மாடி வழிந்து, எதிர்வீட்டுப் பவுனம்மாள் அத்தை தெருவில் காயவைத்திருந்த மல்லாட்டையெல்லாம் மிதந்தது. "இன்னாடி ராணி, இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சியா? தெருவயே ஏரியாக்கிட்டியே!" என்று கத்தினார். நானும் அண்ணியும் சாயங்காலம்வரை ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கினோம்.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். வயரில் தப்பில்லை. உன் நோட்ஸின் முதல் படத்தில் தப்பு. வேண்டிய அளவிலிருந்து இருக்கிற அளவைக் கழிக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் மோட்டார் ஓடவேண்டும். அந்த இடத்தில் நீ கூட்டல் குறி போட்டிருக்கிறாய். பின்னால் வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். குறியை மாற்றினேன். மோட்டார் மெதுவாகி, தொட்டி நிறைந்ததும் சமர்த்தாக நின்றது. மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

புத்தகத்தில் கழித்தல் இருப்பதைப் போன வருஷமே பார்த்தேன், மஞ்சு. புத்தகத்தில்தான் அச்சுப்பிழை என்று நினைத்தேன். உன் கையெழுத்து தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதே பேப்பரில் நீ தொண்ணூற்றொன்று வாங்கினாய். உன் நோட்டில் என்ன குறி இருந்தது?

சகாயராணி

ஓசூர்,
14.4.2025

ராணி,

கழித்தல்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில்தான் கண்டுபிடித்தேன். என் நோட்டில் எல்லாப் பக்கமும் திருத்தினேன். ஜெராக்ஸ் எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அது உன்னிடமும் கடையிலும் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர்வரை வந்தேன்.

கம்பெனிக்காரர்கள் நம் வகுப்பில் அரியர் இல்லாத ஒருவரைத்தான் எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நீயா நானா என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் அந்த வருஷக் கரும்பு வெட்டு முடிந்ததும் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவே செய்திருந்தார்கள். போனை வைத்துவிட்டேன். ஒரு தடவைதானே, அடுத்த தடவை பாஸ் பண்ணிவிடுவாய் என்று நினைத்தேன். நீ அந்த ஜெராக்ஸையே கட்டிக்கொண்டு மூன்று தடவை விழுவாய் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் சொல்ல நினைத்தேன். நாள் ஆக ஆக வாய் வரவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பரீட்சையை மட்டும் விட்டுவிடாதே.

மஞ்சுளா

செலியமேடு,
22.5.2025

மஞ்சுளாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். படிக்கவேண்டியிருந்தது. உன்மேல் இருந்த கோபத்தில் ஒரு நாளைக்கூட வீணாக்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

பரீட்சை எழுதிவிட்டேன். ரிசல்ட் இனிதான். ஆனால் எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக் கணக்கே வந்திருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் பேப்பரை வாங்கும்வரை நான் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் நேராகத் தவளக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். உன் நோட்டிலிருந்து அன்றைக்கு எடுத்த ஜெராக்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஜூனியர்கள் அதைத்தான் காப்பி எடுத்து வாங்குகிறார்கள். திருத்தவேண்டும் என்றேன். "இன்னாத்துக்கும்மா? ரெண்டு வருசமா இதான் ஓடுது, மாத்துனா புள்ளைங்க கொழம்பிடும்" என்றார் கடைக்கார உலகநாதன் அண்ணன். "ரெண்டு வருசமா இதப் படிச்சித்தான் நான் வுழுந்தேன்ணா" என்றேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நாற்பத்திரண்டு பக்கமும் திருத்தினேன். முகப்பில் உன் பெயரை அடிக்கவில்லை. அதற்குக் கீழே "திருத்தியவர்: சகாயராணி" என்று எழுதினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மஞ்சு. இன்னும் வரவில்லை. வலிக்கிறது. உன் நோட்டை நம்பாமல் இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணி பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். உன் நம்பர் அப்படியே இருக்கிறது. நான் கூப்பிட மாட்டேன். அன்றைக்கு நீ பண்ணாத போனை இப்போது பண்ணு. எடுக்கிறேன்.

சகாயராணி