எல்லாவற்றுக்கும் எட்டு

ஆகஸ்ட் 3
வெள்ளம் புகுந்த கீழ்த்தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லூரியைத் திறந்துவிட்டார்கள். மாணவிகளின் மனநலத்துக்கென்று புதிதாக ஓர் ஆலோசகர். தாள் கொடுப்பாராம், தூக்கம், பசி, பயம் – பத்துக்கு எத்தனை என்று நாம் எழுத வேண்டுமாம். திடீர்க் கரிசனம் எதற்கு? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

ஆகஸ்ட் 6
நினைத்தேன்! பக்கத்து அறைக்காரி முதல் ஆளாகப் போய் தூக்கத்துக்கு இரண்டு போட்டாள். இன்று பெட்டியோடு வீட்டுக்கு. வார்டனைக் கேட்டால் 'போய்ப் படிக்கிற வேலையைப் பாரு' என்கிறார்.

ஆகஸ்ட் 9
வகுப்பே பேசி வைத்து எல்லாவற்றுக்கும் எட்டு போட்டோம். பத்து என்றால் நம்ப மாட்டார்கள். பரீட்சையிலேயே பார்த்து எழுதுகிற கூட்டம், இதற்கா கஷ்டம்!

என் அறைத்தோழி ஒட்டடைக்குச்சி மட்டும் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அப்பா நிவாரண முகாமில். திருப்பி அனுப்பினால் எங்கே போவாள்? அவள் தாளையும் நானே நிரப்பினேன்.

ஆகஸ்ட் 11
மழை. ஒட்டடைக்குச்சி ஷூவைக் கழற்றாமல் படுத்திருக்கிறாள், தண்ணீர் வந்தால் ஓட.

ஆகஸ்ட் 13
வகுப்புத் தலைவி என்று என்னைக் கூப்பிட்டார் ஆலோசகர். "பயத்துக்கும் எட்டு போட்டிருக்கீங்களேம்மா. இவ்ளோ பயந்துக்கிட்டு எல்லாரும் எப்படி இவ்ளோ நல்லா தூங்குறீங்க?"

ஐயோ, அசடுகளா! நானும்தான்.

"ரெண்டு தாள் ஒரே கையெழுத்து. யார் எழுதுனது?"

பேச்சை மாற்றினேன். பெட்டியோடு போன பக்கத்து அறைக்காரியைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க. திங்கக்கிழமை வந்துடுவா."

பார்க்கலாம்.

ஆகஸ்ட் 16
வந்துவிட்டாள், கன்னம் உப்பி. "பத்து நாள் எங்கம்மா சமையல்டி!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, என் புத்தி அப்படி. ஆனால் ஒட்டடை? மூன்று நாளாகத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்க!

ஆகஸ்ட் 17
அவளைக் கையோடு அழைத்துப் போனேன். "அந்தத் தாள் நான் எழுதுனது மேடம். அவ்வளவும் பொய்."

திட்டவில்லை. அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்து ஒட்டுக்கேட்டேன், பழக்கதோஷம். அழுகிற சத்தம். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அழுது இன்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 23
யாரும் அவளை எங்கும் அனுப்பவில்லை. தினமும் மதியம் அந்த அறைக்குப் போய் வருகிறாள். அப்பாவோடு போனில் பேசினாள்.

இன்று மறுபடி தாள். அவளே எழுதினாள் – தூக்கம் மூன்று. எட்டிப் பார்த்தேன்.

"பாத்து எழுதாத. உன்னோடத எழுது" என்றாள்.

ரொம்ப நேரம் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு, பயம் என்ற இடத்தில் ஒன்பது போட்டேன்.