பச்சைக் காரில் பக்கத்தில் இருந்தவள்

என்ட மகள்ட வாப்பாவுக்கு,

உங்கட கபுறு வெளிச்சமாகவும் விசாலமாகவும் இருக்க வேணும் எண்டு அஞ்சு நேரமும் கேக்கிறன். அது வேற. இண்டைக்கு நீங்க எனக்குப் பதில் சொல்லியாகணும். உசிரோட இருக்கக்குள்ள "எங்க போறீங்க?" எண்டு கேட்டா, "சும்மா ஒரு சுத்து" எண்டு சாவிய ஆட்டிக்கொண்டு போயிருவீங்க. இப்ப எங்க போவீங்க, பாப்பம்!

இதைப் பேப்பருக்குக் குடுக்கிறதும் தெரிஞ்சுதான். கல்முனையே கூடிக் கதைச்ச கதை. முடிவையும் கல்முனையே வாசிக்கட்டும்.

உங்கட ஜனாஸாவத் தூக்க முந்தி, "உங்கட மாப்பிள்ளைக்குப் பொருத்தம் குடுங்க" எண்டு கேட்டாங்க. குடுத்தன். நீங்க எனக்குச் செய்ததையெல்லாம் மன்னிச்சுப் பொருந்திக்கொண்டன் எண்டு வாயாலயும் மனசாலயும் சொன்னன். பிறகு நாலு மாசமும் பத்து நாளும் இத்தாவில இருந்தன். வெள்ளைச் சீலை, வாசல் தாண்டக் கூடாது, பாக்க வாற பொம்புளைகள். ரெண்டாம் மாசம் உங்கட தங்கச்சி வந்து, என்ட கையப் பிடிச்சுக்கொண்டு மெல்லமாத் தொடங்கினா.

"மச்சி, சொல்லாமலும் இருக்க ஏலாது. எங்கட காக்காட கார் மலைக்குத்தானே போறது? மஹியங்கனையால ஏறினா, வளைஞ்சு வளைஞ்சு அந்தப் பதினெட்டு முடக்கு. அதுக்கு மேல ஒரு தேத்தண்ணிக் கடை. அங்க கார் நிண்டதையும் பொனட்டில ரெண்டு கிளாஸ் இருந்ததையும் ஒரு லொறிக்காரன் கண்டிரிக்கான்."

"ரெண்டு கிளாஸா?"

"ஓம் மச்சி. ரெண்டு."

அவ போன பிறகு நான் தொழுகைப் பாயில இருந்து தொழவே இல்ல. குடுத்த பொருத்தத்தத் திருப்பி எடுக்கலாமா எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். வெளிய போய் விசாரிக்கவும் ஏலாது. இத்தா முடியிற வரைக்கும் அந்த ரெண்டு கிளாஸும் நானும் ஒரே அறைக்குள்ள இருந்தம்.

இருந்து இருந்து எல்லாத்தையும் கூட்டிப் பாத்தன். அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில நிண்ட கூப்பன் காலம் முடிஞ்சு கடைகளில சாமான் நிறைஞ்ச அந்த வருசம், ஊருக்குப் போன வெள்ளைக்காரத் தோட்டத்துரையிட்ட நீங்க அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தீங்க. ரெண்டு பேர் மட்டும் இருக்கிற பச்சைக் கார். கூடாரத்த மடிச்சா மொட்டை. ஊர்ப் பிள்ளைகள் "தவளை" எண்டு பேர் வெச்சாங்க. கல்முனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி றோட்டு, சம்மாந்துறைப் பக்கம் திரும்பினா முன்னால ட்ரெக்டர். இந்த ஊரில ஓடுறதுக்கா அந்தக் கார்? "கடைக்குத் துணி எடுக்கக் கண்டிக்குப் போறன்" எண்டுவீங்க. அந்தக் காருக்குள்ள ஒரு துணிக்கட்டு வைக்க இடமிருக்கா? வெறுங்கையோட வந்து, "சரக்குச் சரியில்ல" எண்டுவீங்க. வந்த அண்டைக்கு முகத்தில ஒரு சிரிப்பு. சரக்கு சரியில்லாதவன் அப்பிடிச் சிரிப்பானா?

இன்னொண்டும் யோசிச்சன். வீடு என்ட பேரில. உம்மா சீதனமாத் தந்தது. கட்டிலும் என்ட, அலுமாரியும் என்ட, முத்தத்துத் தென்னையும் என்ட. எங்கட ஊர் ஆம்புளைகள் எல்லாரும் பொண்டாட்டி வீட்டிலதான் இருக்கிறாங்க எண்டாலும், உங்களுக்கு மனசுக்குள்ள என்ன இருந்திச்சோ? உங்கட எண்டு இருந்தது அந்தக் கார் மட்டும்தான். தனக்கெண்டு ஒரு கார் வெச்சவர் தனக்கெண்டு ஒரு வீடும் வெச்சிருப்பார் எண்டு முடிவு கட்டினன். அங்க ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கண்ணால கண்டா, காரையும் விப்பன், பொருத்தத்தையும் திருப்பி எடுப்பன். மனசில உறுதியா நிய்யத்தே வெச்சிட்டன்.

இத்தா முடிஞ்ச கிழமையே தம்பி ஜவாதைக் கூப்பிட்டன். "ராத்தா, மௌத்தான மனிசனத் தோண்டிப் பாக்கிறீங்களா?" எண்டு ஏசினான். "நீ ஓட்டுறியா, இல்லாட்டி நான் பஸ்ஸில போகட்டா?" எண்டன். ஓட்டினான்.

மகாஓயாவில பொலிஸ் மறிச்சு, இந்தத் தவளைக்குள்ள என்ன கடத்துறீங்க எண்டு பொனட்டத் திறந்து பாத்தாங்க. காலம் அப்பிடி, எல்லாருக்கும் எல்லாரிலயும் சந்தேகம். எனக்கு மட்டும் இருந்தா என்ன பிழை?

மஹியங்கனை தாண்டி மலை தொடங்கிச்சு. முதல் முடக்கில நான் கதவைப் பிடிச்சுக் கலிமாச் சொன்னன். ஜவாத் லொறி ஓட்டிப் பழகினவன், பயந்து பயந்துதான் எடுத்தான். நாலாவது முடக்கில கார் அவனுக்குச் சொல்லிக் குடுத்திட்டு. முடக்குக்கு முந்தி கியரக் குறைச்சு, ஹோனடிச்சு, மலையோட ஒட்டித் திருப்பி, வெளிய வரக்குள்ள ஒரு மிதி. கார் முனகிக்கொண்டு பாயும். என்ட உடம்பு கதவுப் பக்கம் சாயும், அடுத்த முடக்கில அவன்ட தோளில வந்து மோதும். கீழ பாத்தா, நாங்க வந்த றோட்டு எங்கட காலடியிலயே கிடக்கு. முக்காடு கழுத்துக்கு வந்திட்டு. குளிர் காத்து. ஜவாத் சிரிச்சான். "ராத்தா, இது வேற மாதிரிக் கார்!"

நானும் சிரிச்சன். வல்லாஹி, சிரிச்சிட்டன். சக்களத்தியைப் பிடிக்கப் போறவள் சிரிக்கிறாளே எண்டு எனக்கே வெக்கமாப் போச்சு.

முடக்கெல்லாம் முடிய அந்தத் தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் சிங்கள ஆள், வயசானவர், உடைஞ்ச தமிழ். காரைக் கண்டதும் ஓடி வந்தார். நீங்க மௌத்தான செய்தியைச் சொன்னதும் வாசல் பலகையிலேயே குந்திட்டார். பிறகு என்னை நிமிந்து பாத்தார்.

"நோனா, நீங்க இண்டைக்குத்தான் கார விட்டு இறங்கினது."

"என்ன சொல்லுறீங்க?"

"உங்கட மாத்தயா எப்பவும் சொல்லுறது, நோனா கார்ல இரிக்கி, தலை சுத்து, இறங்க மாட்டா எண்டு. நான் ரெண்டு தேத்தண்ணி குடுக்கிறது."

"அந்த நோனா எப்பிடி இருப்பா? கறுப்பா, சிவப்பா?" எண்டு கத்தினன். உள்ளுக்கிருந்து அவர்ட பெண்சாதி கையைத் துடைச்சுக்கொண்டு வந்தா. அவவுக்குத் தமிழ் நல்லா வரும்.

"கார்ல ஒருத்தரும் இல்ல நோனா. ஒருநாள் பாவமே எண்டு தேசிக்காய்த் தண்ணி கொண்டு போனேன். சீட் காலி. மாத்தயா கல்லுல இருந்து ரெண்டாவது கிளாசையும் அவரே குடிக்கிறார். நான் திரும்பி வந்திட்டேன்."

"ஒருநாள் தானே பாத்தீங்க?"

"பிறகு ஒவ்வொரு தரமும் பாத்தேன்" எண்டு சிரிச்சா. என்னை மாதிரித்தான் அவவும்.

பிறகு சொன்னா, முதல் தரம் அவ புருசன்தான் கேட்டாராம், இவ்வளவு தூரம் தனியா வந்து இந்தப் பள்ளத்தை ஏன் பாக்கிறீங்க எண்டு. குதிக்க வந்த ஆளோ எண்டு பயந்து கேட்டிருக்கிறார். நீங்க உடனே சொன்னீங்களாம், தனியா இல்ல, பொண்டாட்டி கார்ல இருக்கிறா எண்டு.

"பொண்டாட்டிக்கு எண்டு தேத்தண்ணியை எப்பிடிக் கேட்பார்?" எண்டன். இதுதான் என்ட கடைசிக் கேள்வி.

"சீனி போட வேணாம். நல்லா ஆத்தி, பச்சைத்தண்ணி மாதிரி வேணும்."

அப்பிடிக் குடிக்கிற பைத்தியம் கல்முனையில நான் ஒருத்திதான். நீங்களே சொல்லிச் சொல்லிச் சிரிச்சதுதானே? அந்தக் கல்லிலயே இருந்து அழுதன். ஜவாத் மற்றப் பக்கம் திரும்பி நிண்டான்.

பொருத்தம் குடுத்தது குடுத்ததுதான், பயப்பட வேணாம். கொழும்பில இருந்து ஒருத்தர் காருக்கு ஆள் அனுப்பினார், இல்லையெண்டு சொல்லிட்டன். உங்கட தங்கச்சிக்கும் சொல்லிட்டன், அந்த ரெண்டாவது கிளாஸ் என்ட எண்டு. அவ நம்பேல்ல. நம்பாட்டிப் போகட்டும்.

ஆனா என்ட சந்தேகம் போகேல்ல. இப்ப எனக்கு அந்தக் கார்ல இருந்தவளிலதான் சந்தேகம். தலை சுத்தினாலும் முறைப்பாடு சொல்லாம, எங்க போறீங்க எண்டு கேக்காம, உங்களோட எல்லா முடக்கும் ஏறி வந்தவள். ஒருநாள் கூட "நீயும் வாறியா?" எண்டு என்னைக் கேக்கேல்லயே, ஏன்? நான் வரமாட்டன் எண்டு நினைச்சீங்களா? இல்லாட்டி வாய் பேசாத அவளே போதும் எண்டு இருந்திட்டீங்களா? கேட்டிருந்தா வந்திருப்பனே, மனிசா! முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பனே!

சரி, கேளுங்க. ஜவாதிட்ட ஓட்டப் பழகிறன். ஊர் என்ன வேணுமெண்டாலும் கதைக்கட்டும். பழகின பிறகு அந்த மலைக்கு நானே ஏறுவன், பக்கத்து சீட் உங்களுக்கு. பதினெட்டு முடக்கும் வாய் மூடாமக் கதைச்சுக்கொண்டுதான் வருவன். நீங்க இறங்கவும் ஏலாது.

கார்ல ஒருநாளும் உங்களோட வராத,
உங்கட பொண்டாட்டி,
மகள்ட உம்மா