நான் பார்த்துக் கொடுத்த சைக்கிள்

மார்ச் 31

நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாள். இன்றைக்கு ஒரு பொய் சொன்னேன்.

ஆனந்தராசா சேர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரைப் புதுவருடம் கழிய மனைவி புஸ்பராணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளக்கட்டு, கிறவல் ரோட்டு என்று ஒரு மாதம் சுற்றப்போகிறாராம். அதற்குப் பாவித்த அட்வென்ச்சர் மோட்டார் சைக்கிள் ஒன்று தேடினார். பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் தனக்கு நம்பிக்கையான மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். பாஸ் தலையாட்டினால்தான் வியாபாரம். இருபத்தாறு வருடமாகத் திருகோணமலையில் எத்தனையோ பேர் என் தலையைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

கிண்ணியாவில் போய் இறங்கிய பிறகுதான் யாருடைய வீடு என்று தெரிந்தது. முசம்மில் முதலாளி. எங்கள் மகள் நிப்லாவை அவருடைய மகன் அர்ஷாக்குக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே முதலாளி.

சைக்கிள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. சீட்டைக் கழற்றி உள் மூலையில் விரலை விட்டேன். வண்டல். நகம் முழுக்கக் காய்ந்த வண்டல். நவம்பர் வெள்ளம் இந்தப் பக்கம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாதா? முதலாளி என் விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “நம்மட பாயிஸ் பாஸ்தானே, இனி வீட்டு ஆள்” என்று வட்டிலப்பத் தட்டை நீட்டினார்.

“நல்ல சைக்கிள், எடுங்க” என்றேன் நான்.

சேர் அதற்குமேல் ஒன்றையும் பார்க்கவில்லை. “பாயிஸ் சொன்னாச் சரி.”

அந்த வட்டிலப்பத்தையும் தின்றுவிட்டுத்தான் வந்தேன். சீ.

ஏப்ரல் 3

சைக்கிளை என் கராஜில் விட்டுப் போனார் சேர். கிறவலுக்குத் தயார் பண்ண வேண்டிய வேலைகளை நாலாய் மடித்த தாளில் எழுதித் தந்திருக்கிறார். பட்டன் டயர். எஞ்சினுக்கு அடித்தகடு. கைக்காப்பு. பக்கப் பெட்டிக்குக் கம்பி. கடைசி வரி: ‘புஸ்பராணிக்கு முதுகு வலி, சீட் கொஞ்சம் மெத்தையாக இருக்கட்டும்.’

ஏப்ரல் 5

முன் லைட்டைக் கழற்ற ஒரு பிடி சேறு மேசையில் கொட்டியது. அதற்குள் ஒரு குட்டி நத்தை ஓடு. கழுத்துப் பெயாரிங் துருவேறி இறுகிக் கிடக்கிறது, சில்லுப் பெயாரிங்கும் அப்படியே. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் வெள்ளம் வடிந்த வீட்டு நாற்றம். வெளியே ஓடிப்போய்க் காறித் துப்பினேன். எஞ்சின் ஒயில் மட்டும் புத்தம் புதிது! கள்ளன்ட மூளையைப் பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர். அந்தச் சோற்றைப் பரிமாறியது நான்.

ஏப்ரல் 6

பெயாரிங் எல்லாம் என் செலவில் மாற்றுகிறேன். சேருக்குச் சொல்லவில்லை. களவெடுத்த ஆட்டை அறுத்து ஏழைக்குப் பங்கு கொடுக்கிற கதைதான்.

ஏப்ரல் 9

முதலாளி போன் எடுத்தார். நிக்காஹ்வுக்கு நாள் பார்க்கலாமாம். வைக்கும்போது மட்டும், “அந்தச் சைக்கிள் ஓடும்தானே பாஸ்? நீங்க பாத்துக்குவீங்க.”

பாத்துக்குவீங்க! இவனெல்லாம் ஒரு மனிசனா? நானும் “ஓம்” எண்டனே — அப்ப நான் ஆரு?

ஏப்ரல் 12

டயர், தகடு, கைக்காப்பு எல்லாம் போட்டாயிற்று. சீட்டுக்கு இரண்டு விரல் கனத்தில் மெத்தை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. மூதூர்ப் பக்கம் கொண்டுபோய்க் கிறவலில் ஓட்டினேன். பதினாலு கிலோமீற்றர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு பள்ளத்தில் குலுங்கியது, எஞ்சின் பட்டென்று நின்றது. ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. திரும்பி வருகையில் இன்னும் இரண்டு தடவை.

வயர்க் கட்டைப் பிரித்தால் பொருத்து ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு. எல்லாம் சுரண்டித் துடைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. வயருக்குள்ளேயே தண்ணீர் ஏறி அரித்துவிட்டது, இனி முழுதாக மாற்றினால்தான் உண்டு. அந்த மொடலுக்கு இங்கே எவனிடமும் இல்லை.

சேர் போகிற பாதை யானைக் காடு. நடுவில் எஞ்சின் நின்றால்? பின்னால் புஸ்பராணி அக்கா. அவவுக்கு ஓடவும் ஏலாது.

ஏப்ரல் 13

வயர் எங்காவது கிடைக்குமா என்று நிப்லாவை நெட்டில் தேடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். “உனக்காகத்தான் மகள்” என்றும் சொன்னேன்.

“எனக்காகவா? அண்டைக்கே அவர்ட முகத்துக்கு நேர சொல்லியிருந்தா, அவங்க எப்படிப்பட்ட ஆக்கள் எண்டு அண்டைக்கே எனக்குத் தெரிஞ்சிரிக்கும் வாப்பா. தெரியாமலே என்னை அங்க அனுப்பப் பாத்தீங்களே.”

எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 15

சேர் புதுவருடப் பலகாரத்தோடு வந்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார், புது டயரைத் தடவினார். “வாற திங்கள் வெளிக்கிடலாம் போல” என்றார் சந்தோசமாக.

சொன்னேன். சேறு, விரல், நிப்லாவின் சம்பந்தம், எஞ்சின் நிற்பது. ஒன்றையும் விடவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

“அண்டைக்கு அங்க வச்சே தெரியுமோ?”

“ஓம் சேர்.”

“சரி.”

பலகாரப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பையைத் தொட முடியவில்லை. என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 18

சேர் காசு கொடுத்து வாங்கிய டயரையும் தகட்டையும் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளுக்குப் பழைய டயரைப் போட்டேன். பட்டா லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் முதலாளி வாசலில் இறக்கினேன். முதலில் சிரித்தார். பிறகு, “என்ன பாஸ், நாம சொந்தமாகப் போற ஆக்கள்” என்றார்.

“சேத்தைக் கண்டதும் நான், சொல்லாம விட்டதும் நான். சேர்ட காசைத் திருப்பித் தராட்டி, வாற வெள்ளி ஜும்ஆ முடிய பள்ளி வாசல்ல நிண்டு எல்லாருக்கும் சொல்லப்போறன். என்ட பேரையும் சேத்துத்தான்” என்றேன்.

சேரின் காசை அந்த இடத்திலேயே திருப்பித் தந்தார். கொண்டுபோய் சேரின் கையில் கொடுத்தேன். “நன்றி” என்றார். அந்த ஒரு சொல்தான்.

ஏப்ரல் 22

முதலாளி வீட்டிலிருந்து செய்தி. “இஸ்திகாரா தொழுது பாத்த, சரி வரல்ல.” அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுதார்களாம். ஒரு மாதமாகச் சரியாக இருந்தது, சைக்கிள் திரும்பிப் போனதும் சரி வராமல் போயிற்றாம். தன்ட கள்ளத்துக்குப் படைச்சவனையுமா சாட்டுறது? தூ.

மனைவி நஜ்முன் நிஸா அழுதாள். ஊர் என்ன கதைக்கும் என்று என்னைத்தான் ஏசினாள். ஏசட்டும். நிப்லா மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் கறி கேட்டு வாங்கி.

மே 6

டயரும் தகடும் மூலையில் கிடக்கின்றன. சேர் வரவில்லை. போன் எடுக்கலாம். எடுத்து என்ன கதைப்பது?

மே 19

பொருள் வாங்க மூதூருக்குப் போன இடத்தில், தேத்தண்ணிக் கடையில் சேரைக் கண்டேன். பக்கத்தில் மூதூர் சஜீத், அங்கே கராஜ் வைத்திருக்கிறவன், நல்ல வேலைக்காரன். இன்னொரு சைக்கிள் பார்க்கப் போகிறார்களாம், அதே மாதிரி அட்வென்ச்சர்.

சேர் எழும்பி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி சொன்னார். நிப்லாவைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். சஜீத்துக்கு ஒன்றும் தெரியாது. சேர் சொல்லவில்லை. அவன் கள்ளமில்லாமல், “பாயிஸ் பாஸ், நீங்களும் வந்து ஒருக்காப் பாருங்களன். உங்கட கண்ணுக்குத் தப்பாது” என்றான்.

சேர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாயிசுக்கு வேலை இருக்கும்” என்றார் மெதுவாக. “அந்த டயரையும் தகட்டையும் எடுக்க நாளைக்கு சஜீத் வருவார். குடுத்து விடுங்கோ, என்ன?”

“ஓம் சேர், வேலைதான்” என்று எழும்பினேன்.

ஒரு வேலையும் இருக்கவில்லை. சேரின் இடத்தில் நான் இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.